மாலையும் வேண்டாம், மலர்வளையமும் வேண்டாம்

(ஜமுனாமரத்தூரில் பெற்றோர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் ஜவ்வாது மலை பத்திரிகையில் வருவதற்கு இரண்டே வழி. ஒன்று, நம்மில் யாராவது சாதிக்க வேண்டும். இல்லையா, நம்மில் சிலர் சாக வேண்டும். மூன்றாவது வழியை நான் பார்த்ததில்லை.

கணக்குப் பாருங்கள். 2015 ஏப்ரல் 7, சேஷாசலம் காடு. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீஸ் சுட்டதில் 20 தமிழர்கள் செத்தார்கள். இந்த மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் போனவர்கள் அதில் இருந்தார்கள். அன்றைக்குத்தான் பல டிவிக்காரர்களுக்கு ஜவ்வாது மலைக்கு வழி தெரிந்தது. 2022 ஏப்ரல் 2, சேம்பரை மலைக்கோயிலுக்குப் புலியூர்க்காரர்கள் போன வேன் பள்ளத்தில் உருண்டு 11 பேர் போனார்கள், பெரும்பாலும் பெண்கள். 2023 மே மாதம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, பெற்ற தாய் பிணத்தைச் சுமந்துகொண்டு மலையேறி நடந்தாள். அந்தப் படத்தை நாடே பார்த்தது. பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டது.

இதெல்லாம் மலர்வளையச் செய்தி. மாலைச் செய்தியும் ஒன்று வந்தது. 2024 பிப்ரவரி. புலியூர் என்ற பெயர் மறுபடியும் பேப்பரில் வந்தது, இந்த முறை கொட்டை எழுத்தில். 23 வயது ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். குழந்தை பெற்ற ஓரிரு நாளில், பச்சை உடம்போடு காரில் சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதிய பெண். முதலமைச்சர் வாழ்த்தினார். ஊரில் மேளம் அடித்து வரவேற்றார்கள். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், அந்தப் பெண்ணுக்கு எத்தனை தட்டினாலும் தகும். தட்டி முடித்தபின் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ஸ்ரீபதி பள்ளிக்கூடம் படித்தது எங்கே? ஏலகிரியில். இந்த மலையில் பிறந்த பிள்ளை நீதிபதி ஆவதற்கு, படிக்க இன்னொரு மலைக்குப் போக வேண்டியிருந்தது. மேளச் சத்தத்தில் இது யார் காதிலும் விழவில்லை.

போன வருஷம், 2025-இல், கல்வராயன் மலைக் கருமந்துறை பழங்குடியினர் பள்ளியில் படித்த ஒரு பெண் ஐஐடிக்குத் தேர்வானார். அதற்கும் அறிக்கை, அதற்கும் சால்வை. நான் சால்வைக்கு விரோதி இல்லை. ஆனால் ஒரு பிள்ளைக்குப் போர்த்தும் சால்வையை வைத்து மற்ற பிள்ளைகளின் வகுப்பறை ஓட்டையை மூடப் பார்க்கிறார்களே, அதற்கு விரோதி. ‘பார், அவள் படித்துவிட்டாள், உன்னால் ஏன் முடியவில்லை?’ என்று பதினோரு வயதுப் பிள்ளையைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது பிள்ளையை அல்ல. ‘அவளைப் போல் எத்தனை பேரை நீ தடுத்தாய்?’ என்று அரசாங்கத்தைக் கேட்க வேண்டும்.

நான் போன வாரம் பார்த்த ஒரு பள்ளியைச் சொல்கிறேன். ஊர் பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் அங்கிருக்கும் வாத்தியாருக்குத்தான் மெமோ வரும், மேலே இருப்பவருக்கு வராது. உண்டு உறைவிடப் பள்ளி. சுவரோரம் வரிசையாகத் தகரப் பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பெயர். ஜன்னல் கம்பி முழுக்க ஈரத் துணி. நடுவில் கரும்பலகை. அதன் குறுக்கே சாக்பீஸில் ஒரு கோடு. கோட்டுக்கு இடப்புறம் மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கு, வலப்புறம் ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கு. ஒரே ஆசிரியர் இடப்பக்கம் நின்று கொஞ்ச நேரம், வலப்பக்கம் நின்று கொஞ்ச நேரம். பகலில் அது வகுப்பு; ராத்திரி அதே தரையில் பாய் விரித்துப் பிள்ளைகள் படுக்கிறார்கள். ஒரு பையன் விரலிடுக்கில் சொறி, எழுதும்போது பென்சிலை இரண்டு விரலில் மட்டும் பிடிக்கிறான். ‘ஏம்பா, இங்கே எத்தனை வாத்தியார்?’ என்று கேட்டேன். ‘போர்டில் நாலு சார்’ என்றான். அவன் கிண்டல் செய்யவில்லை. அலுவலக அறைச் சுவரில் தொங்கும் பணியிடப் பலகையைப் படித்துச் சொன்னான். பையன் நன்றாகப் படிக்கிறான், அதில் சந்தேகமே இல்லை.

அந்த மூன்று காலியிடத்துக்கு யார் பொறுப்பு? இங்கேதான் வேடிக்கை. இந்த மலையில் சில பள்ளிகள் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் கையில். சில வனத்துறையின் கையில். ஆமாம், மரம் வெட்டினால் பிடிக்கிற அதே துறைதான். மிச்சம் பள்ளிக் கல்வித் துறையில். மலையோ மாவட்டக் கணக்கில் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று பிரிந்து கிடக்கிறது. மனு கொடுக்கப் போனால் ‘இது எங்கள் துறை இல்லை, அது எங்கள் மாவட்டம் இல்லை’ என்று பந்து உருட்டுகிறார்கள். 2023 மார்ச் பட்ஜெட்டில், எல்லாத் துறைப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவோம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். எதிர்ப்பும் வந்தது. நலத்துறைப் பள்ளியை இழந்தால் நமக்கென்று இருக்கும் நிதியும் இடமும் போய்விடும் என்று பயந்தவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. என்னைக் கேட்டால், பலகையில் எந்தத் துறையின் பெயர் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. வாத்தியார் இல்லாத நாளில் எந்த அதிகாரியின் சட்டையைப் பிடிப்பது என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்!

டெல்லியையும் விடமாட்டேன். தமிழ்நாட்டுக்கு 2024-25க்கு வர வேண்டிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டப் பணம் 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். காரணம், பிஎம்ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லையாம். அந்தப் பணத்தில்தான் ஒதுக்குப்புறக் குடியிருப்புப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்துபோகும் வண்டிச் செலவும் இருக்கிறது. சென்னைக்கும் டெல்லிக்கும் கொள்கைச் சண்டை என்றால் போடட்டும். சண்டைச் செலவை ஏன் மலைப் பிள்ளை தலையில் கட்டுகிறீர்கள்?

‘மலைக்கு வர ஆசிரியர்களுக்கு விருப்பமில்லை’ என்று அதிகாரிகள் சொல்லும்போது முகத்தில் ஒரு வருத்தம் வைத்துக்கொள்வார்கள். அரசாங்கத்துக்கு மலையேறத் தெரியாதா? காவலூருக்குப் போய்ப் பாருங்கள். இதே ஜவ்வாது மலையில் 1960களிலேயே வானாய்வு நிலையம் போட்டார்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தியே வந்து திறந்துவைத்தார். யுரேனஸ் கோளைச் சுற்றி வளையம் இருக்கிறது என்று 1977-இல் உலகம் கண்டறிந்ததில் காவலூருக்கும் பங்குண்டு. பெருமைதான். அதற்குச் சாலை வந்தது, மின்சாரம் வந்தது, விஞ்ஞானிகள் வந்தார்கள், தங்க வீடு கட்டிக் கொடுத்தார்கள். தருமபுரிப் பக்கம் கோட்டூர் மலைக்கு ஓட்டு மெஷினைக் கழுதை முதுகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஓட்டு வாங்க ஏறத் தெரிந்தவர்களுக்குப் பாடம் நடத்த ஏற முடியவில்லையாம்! ஆசிரியருக்குத் தங்க ஒரு வீடு, குளியலறையில் தண்ணீர், இரண்டு வருஷம் வேலை பார்த்தால் கேட்ட ஊருக்கு மாறுதல் என்று எழுதிக் கொடுங்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்ப்போம். இப்போதே, இந்த வசதி எதுவும் இல்லாமல், பிள்ளைகளுக்குத் தன் கையால் முடிவெட்டி, குளிப்பாட்டி, பேன் பார்த்துப் பாடம் நடத்துகிற ஆசிரியைகள் இந்த மலையில் இருக்கிறார்கள். உங்களுக்கே தெரியும், யார் என்று.

அதிகாரிகள் சொல்லும் இரண்டாவது சாக்கு: ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை.’ புளி உலுக்கும் மாதங்களில் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக் காட்டுவார்கள். தை முடிந்து மாசி, பங்குனி என்றால் பிள்ளைகள் மரத்தடியில் இருப்பது உண்மைதான். அப்பன் கிளை ஏறுவான், அம்மா பொறுக்குவாள், பிள்ளை ஓடு உடைக்கும். வருஷக் கடன் அந்தப் புளியில்தான் அடையும். அதே மாதங்களில் முழுப் பரீட்சைக்குத் தயார் செய்கிற பாடத்திட்டத்தை எழுதியவர், புளியைக் கடையில் பாக்கெட்டில்தான் பார்த்திருப்பார். அறுவடைக்கு ஏற்றபடி மலைப் பள்ளிக்கு விடுமுறையை மாற்றி வைத்தால் என்ன குடிமுழுகிப் போகும்?

இனி உங்களைத் திட்டப் போகிறேன். கோபம் வந்தால் கல் எடுங்கள், மைக்கை மட்டும் உடைக்காதீர்கள், வாடகை மைக்.

எட்டாம் வகுப்பு முடிந்த பெண்ணை நிறுத்துகிறீர்கள். ‘பள்ளி தூரம், காலம் கெட்டுக் கிடக்கு’ என்கிறீர்கள். சரி, தூரம்தான். ஆனால் தூரத்தைக் காரணம் காட்டி நிறுத்திய பெண்ணுக்குப் பதினாறு வயதில் தாலி கட்ட மட்டும் எத்தனை மலை தாண்டி மாப்பிள்ளை பார்க்கிறீர்கள்! 18 வயதுக்குள் கல்யாணம் செய்தால் குற்றம் என்று 2006-இலேயே சட்டம் இருக்கிறது. அதை மறைக்க ஊரே சேர்ந்து வயதைக் கூட்டிச் சொல்கிறது. பெரியவர்கள் தலையைக் குனிகிறீர்கள், நான் யாரையும் பெயர் சொல்லவில்லை. பையன் கதை வேறு. பத்தாவதில் கணக்கில் போனான் என்றால், அடுத்த வாரமே ஏஜென்ட் வந்துவிடுகிறான். கையில் முன்பணம், செல்போன். எந்த வேலைக்கு என்று கேட்பதில்லை. கேட்காததால்தான் சேஷாசலத்தில் போய் விழுந்தோம். அந்த ஏஜென்டுக்கு மலையில் எந்த வீட்டில் எந்தப் பையன் பள்ளியை விட்டான் என்று தெரிகிறது. கல்வித் துறைக்குத் தெரியவில்லை. இடைநின்ற மாணவர் கணக்கெடுப்பை அவனிடமே ஒப்படைத்துவிடலாம் போல.

பிள்ளைகளின் மேல்படிப்புக்கு வேண்டிய சாதிச் சான்றிதழ் பற்றியும் இரண்டு வார்த்தை. பழங்குடிச் சான்று தாசில்தார் கொடுப்பதில்லை, கோட்டாட்சியர் கொடுக்க வேண்டும். அதற்கு மலையிறங்க வேண்டும், ஒரு நாள் கூலி போக வேண்டும், ‘விசாரணையில் இருக்கிறது’ என்று கேட்டுத் திரும்ப வேண்டும். ஈரோட்டுப் பக்கம் பர்கூர் மலையில் இருக்கும் நம் மலையாளிப் பழங்குடி ஜனங்களின் நிலை இன்னும் மோசம். மலையாளிகளுக்கென்று பழங்குடிப் பட்டியலில் எழுதிய பழைய மாவட்டங்களில் அவர்கள் மாவட்டம் இல்லை, அதனால் அந்தச் சான்றே கிடையாது. அது தனிக் கூட்டம் போட வேண்டிய விஷயம், இன்றைக்கு விடுகிறேன்.

‘சாலை போட வனத்துறை அனுமதி தரவில்லை.’ இதைத்தான் நீங்கள் அதிகம் கேட்டிருப்பீர்கள். இந்த வாக்கியத்தைச் சொல்கிறவர் அடுத்தமுறை வந்தால், 2006 வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2) என்று சொல்லுங்கள். மனப்பாடம் செய்யுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, மருந்தகம், ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், சாலை இவற்றுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், வனநிலத்தை ஒதுக்க அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்கு முக்கிய நிபந்தனை என்ன தெரியுமா? கிராம சபையின் பரிந்துரை. அமைச்சர் சிபாரிசு அல்ல, உங்கள் சிபாரிசு! இன்னொன்று, கல்வி உரிமைச் சட்டம். 2010-இல் அமலுக்கு வந்தது. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் எட்டாம் வகுப்பு வரை என்பது அதன் விதி. வழியில் காட்டாறு இருக்கிறது, பாறை இருக்கிறது என்றால் வண்டியோ விடுதியோ செய்து தரவேண்டியது அரசின் கடமை. சலுகை என்று சொல்லி உங்களைக் கும்பிட வைப்பார்கள். கும்பிடாதீர்கள்.

திருவண்ணாமலைப் பக்க ஊராட்சிகளில் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, தனி அலுவலர் கைக்குப் போனது. அதனால் கிராம சபை செத்துவிடவில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்தில் ஆறு நாள், சட்டப்படி உட்காரலாம். இதுவரை நாம் போனோம், டீ குடித்தோம், நோட்டில் கைநாட்டு வைத்தோம், வந்தோம். மேலே எழுதியிருந்தது என்ன என்று படித்தவர் யார்?

இந்த முறை நாமே எழுதிக்கொண்டு போவோம். அழகான தமிழ் வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து பள்ளி எத்தனை கிலோமீட்டர். அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை, பாடம் நடத்துகிறவர் எத்தனை. பிள்ளைகள் தூங்குவது எங்கே. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா. சாலைக்கு எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை நிலம் வேண்டும், அதில் எத்தனை மரம். இவ்வளவுதான். மரத்தை எண்ண வனவர் வரவேண்டியதில்லை, நம்மைவிட நன்றாக எண்ணத் தெரிந்தவன் யார்?

மேடைக்கு இடப்பக்கம் மேசை போட்டு வெள்ளைத்தாள் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஊரிலிருந்தும் எழுதத் தெரிந்த ஒரு பெண் முன்னால் வாருங்கள். ஆம்பளைகள் பின்னால் நில்லுங்கள், பரவாயில்லை. தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்ற முடியாது என்று அலுவலர் சொன்னால் ‘ஏன் என்று எழுதிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்கும்வரை எழுந்திருக்காதீர்கள். நகல் வாங்கும்போது தேதி, கையெழுத்து, முத்திரை மூன்றும் இருக்கிறதா பாருங்கள், முத்திரையைத்தான் மறப்பார்கள். புதூர்நாட்டுக்காரர்கள் முதலில் வந்து எழுதுங்கள், உங்களுக்குக் கடைசி பஸ் போய்விடும்.