நம் படகின் அலைக்கு நாமே பொறுப்பு
(பெருநாளுக்கு முந்தைய வாரம் ஆற்றிய உரை)

 

பெருநாள் விடுமுறையில் நம்மில் பலர் குடும்பத்தோடு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போவோம். கோரையாற்றில் போகும்போது, நம் விசைப்படகின் பின்னால் எழும் அலையைத் திரும்பிப் பாருங்கள். கடலில் அது பரவி அடங்கிவிடும். குறுகிய நீர்வழியிலோ கரையில் மோதித் திரும்பும். தோணியில் நின்று வலை இழுப்பவரை அது தண்ணீரில் தள்ளிவிடலாம். கரைச் சேற்றையும் அரிக்கும்.

எனவே, தோணி கண்ணில் பட்டதுமே வேகத்தைக் குறைக்க வேண்டும். கிட்டே வந்தபின் குறைத்தால், முன்பே எழுந்த அலை தொடர்ந்து வந்து அடிக்கும். அரைகுறையாகக் குறைத்தாலும் போதாது. படகின் முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் அமிழ்ந்து ஓடும்போதுதான் அலை பெரிதாகும். இன்னொன்று: சாலையில் நாம் இடப்பக்கம் ஒதுங்குவோம், எதிரெதிரே வரும் படகுகள் வலப்பக்கம் ஒதுங்குவதே சர்வதேச விதி.

"இன்னும் வேகமாப் போங்கண்ணே" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "மெதுவாவே போங்க தம்பி" என்று பெரியவர்கள் நாம் சொல்ல வேண்டும். வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஸதகா என்று அறிந்த நாம், பிறர் வழியில் தொல்லையை எழுப்பிவிட்டுப் போகலாமா?