சுவரைக் கேட்டு வாங்குவோம்

(நயினாதீவு யாத்திரை சென்று திரும்பிய தோட்டக் குடும்பங்களிடையே புங்குடுதீவில் ஆற்றப்பட்ட உரை)



தோட்டத்துக்குத் திரும்பியதும் பெரட்டுக்களம், கொழுந்து, மடுவம் என்று நாள் ஓடிவிடும். எல்லாக் குடும்பங்களும் ஒன்றாக இருக்கும் இந்த நேரத்தில் ஒரு விஷயத்தைப் பேசிவிடுவோம். நம் கதையைச் சொல்லும் சுவரோவியம் ஒன்றைத் தோட்டத்தில் வரைய வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அதை முன்னின்று நடத்த யார் வருவது?

வரும் வழியில் புங்குடுதீவு வீடுகளைப் பார்த்தோம். 1991இல் இராணுவம் இந்தத் தீவுகளைக் கைப்பற்றியபோது மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தார்கள். பிறகு சிலர் திரும்பினார்கள். பலர் கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று போய்விட்டார்கள். கூரை விழுந்த வீட்டிலும் சுவர் நிற்கிறது. ஆள் கடல் கடந்து இருந்தாலும் உறுதி அவர் பெயரில் இருக்கிறது. நம் கதை தலைகீழ். தலைமுறை தலைமுறையாக லயத்தில் ஆள் இருக்கிறோம். நம்மில் பெரும்பாலானவர்கள் கையில் உறுதி இல்லை. நாம் பிறந்து வளர்ந்த சுவரில் ஒரு பூ வரையவும் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்.

ஆகவே தலைமை ஏற்பவரின் முதல் வேலை, சுவரைக் கேட்டு வாங்குவது. வாய்ச்சொல் போதாது. எந்தச் சுவர், என்ன படம், எத்தனை வருடம் அழிக்காமல் விடுவது, யார் பராமரிப்பது என்று எழுத்தில் வாங்க வேண்டும். துரை மாறிப் போனாலும் கடிதம் நிற்கும். பாடசாலைச் சுவர் என்றால் அதிபரிடமும், வீதியோரச் சுவர் என்றால் பிரதேச சபையிடமும் போக வேண்டும். நாம் பஸ்ஸில் கடந்து வந்த கடல் வீதியை இந்த ஊரார் வாணர் தாம்போதி என்கிறார்கள். வேலணையோடு தங்கள் ஊரை இணைக்க முன்னின்று பாடுபட்ட வாணர் சகோதரர்களின் பெயர் அது. ஊர் வேலைக்கு விடாமல் கேட்கும் ஆள் வேண்டும்.

இரண்டாவது வேலை, என்ன வரைவது என்று எல்லோரையும் கேட்பது. 2019 ஜனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு நாடு முழுவதும் இளைஞர்கள் தாமாகவே சுவர்களில் வரைந்தார்கள். உற்சாகம் நல்லதுதான். ஆனால் சில இடங்களில் போர் வெற்றிக் காட்சிகள் வந்தபோது, இது யாருடைய சுவர், யாருடைய கதை என்ற கேள்வி எழுந்தது. நம் தோட்டத்தில் அந்தக் கேள்வியை வரையுமுன்பே கேட்டுவிட வேண்டும். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பகலில் வையுங்கள். வேலை நாள் மாலையில் வைத்தால் பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள்; ஆண்கள் மட்டும் முடிவெடுப்பார்கள்.

வரைய நம்மிடம் நிறைய உண்டு. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த மூதாதையர், காமன் கூத்து, பொன்னர் சங்கர், பிள்ளைக்காம்பரா. 1940இல் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் முல்லோயாவில் சுடப்பட்ட கோவிந்தன். 1977இல் தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்று டெவனில் உயிர் கொடுத்த சிவனு லட்சுமணன். உயிரோடு இருப்பவர்களின் முகத்தை அவர்கள் சம்மதமின்றி வரையாதீர்கள். அரசியல்வாதிகளின் முகம் வேண்டாம். நம் சங்கத் தலைவர்களின் முகமும் வேண்டாம், கொடியும் வேண்டாம். மற்றச் சங்கத்துப் பிள்ளைகளும் வந்து தூரிகை பிடிக்கட்டும்.

மூன்றாவது, வேலையைச் செம்மையாகச் செய்வது. நம் பக்கம் மழையும் பனியும் அதிகம். ஜனவரி முதல் மார்ச் வரையான காய்ந்த மாதங்களில் தொடங்குங்கள். பாசியைச் சுரண்டிக் கழுவி, சுவர் நன்றாகக் காய்ந்த பின் அடிப்பூச்சு அடியுங்கள். புதிதாகச் சீமெந்து பூசிய சுவரை நான்கு வாரமாவது விடுங்கள்; ஈரச் சுவரில் அடித்த வர்ணம் உரிந்துவிடும். சிறிய படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைச் சுவரில் பெரிதாக்கினால் ஓவியம் படிக்காதவர்களும் கோடு போடலாம். வர்ணம் நிரப்பப் பிள்ளைகள் போதும்.

ஓவியம் நமக்குத் தூரமான கலை அல்ல. ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்றவர். தேயிலைக் கறையையும் தேநீர் வடிகட்டியையும் கொண்டே மலையகத்தின் கதையைச் சொல்லியிருக்கிறார். மெக்சிக்கோவில் பொதுச் சுவர்களில் வரைந்த கலைஞர்கள் 1922இல் தங்களுக்கென்று தொழிற்சங்கமே அமைத்தார்கள். சுவரில் வரைவதும் உழைப்புத்தான். தொண்டர்கள் பேர் இழக்காமல் விடுமுறை நாட்களில் வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து ஓவியர் வந்தால் அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். சேர்ந்த பணம், செலவான பணம் இரண்டையும் கோயில் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும்.

தோழர்களே, ஒரு சுவரைக் கேட்டுப் பழகியவர்கள்தான் நாளை வீட்டையும் ஏழு பேர்ச்சஸ் காணியையும் உறுதியோடு கேட்பார்கள். மூன்று பேர் பெயர் கொடுங்கள்; அதில் இருவர் பெண்களாக இருக்கட்டும். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் முதல் கடிதத்தை எழுதுவோம்.