மாத்திரை பலிக்காதபோது

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் பேசியது)



பிள்ளையில்லாத வீட்டில் ஏச்சு வாங்குபவள் பெண்தான். குளோமிஃபீன் மாத்திரையை ஆறு மாதம் விழுங்கியும் பலனில்லையென்றால், "இவளுக்கு இவ்வளவுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இது நியாயமா?

கருமுட்டை வெளிவரவே இல்லையா, வெளிவந்தும் கரு தங்கவில்லையா? ஸ்கேனையும் இரத்தப் பரிசோதனையையும் கொண்டு முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முட்டை வரவில்லையென்றால் மருந்தை மாற்றலாம். சினைப்பை நீர்க்கட்டியுள்ள 750 பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், குளோமிஃபீன் உண்டவர்களில் 19.1 விழுக்காட்டினர் பிள்ளை பெற்றார்கள். லெட்ரோசோல் உண்டவர்களில் 27.5 விழுக்காட்டினர். அது மார்புப் புற்றுநோய்க்கென்று வந்த மருந்தாயிற்றே என்று மிரளவேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஊசி உண்டு. ஒரே சூலில் இரண்டு மூன்று பிள்ளைகள் தங்கிவிடும் அபாயம் அதில் இருப்பதால், ஸ்கேன் பார்த்துப் பார்த்துத்தான் போடுவார்கள். சினைப்பையில் சிறு துளையிடும் லாபராஸ்கோப் சிகிச்சையும் இருக்கிறது.

முட்டை வந்தும் பிள்ளையில்லையா? கருக்குழாயைப் பார்க்கவேண்டும், கணவனின் விந்தையும் பார்க்கவேண்டும். மாத்திரை தொடங்குமுன்பே செய்திருக்கவேண்டிய சோதனை இது. ஆண்களே, இங்கேதான் நாம் ஒளிகிறோம்! மனைவியை மாதக்கணக்கில் மாத்திரை தின்னவிட்டு, ஒருநாள் சோதனைக்கு நமக்கு வெட்கம். நானும் அப்படி இருந்தவன்தான்.

இவையெல்லாம் கைவிட்டால் சோதனைக்குழாய் முறை. ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவாகும். ஆனால் 2020 முதல் இதற்கு ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க வழியுண்டு. பாரம் நிரப்பத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே வாருங்கள்.