குற்றால வழிப் பெயர்ப்பலகைகள்



தென்காசிக் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், அதனைக் காக்கும் பிற்காலத்தாரைப் பணிந்து வேண்டும் பாட்டுகளைத் தமிழிலேயே கல்லில் பொறித்தான். 15-ஆம் நூற்றாண்டுக் கல் இன்றும் தமிழ் பேசுகிறது. அக்கோயிலைச் சூழ்ந்த கடைத்தெருப் பலகைகள் பேசுகின்றனவா?

சட்டம் இல்லாமலில்லை. 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் அமைந்த 1948-ஆம் ஆண்டு விதிகளில், 42-பி என்னும் விதி பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும் என்கிறது. பிறமொழி சேருமாயின் தமிழே முதலிலும் முதன்மையாகவும் நிற்றல் வேண்டும். தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3, வேறுமொழி 2 என்பது அரசு வகுத்த அளவு. 2010-இல் கோவைச் செம்மொழி மாநாடு நெருங்கியபோது சென்னை மாநகராட்சி கடைகளுக்குக் கெடு வைத்தது. மாநாடு வந்தால்தான் விதி கண் விழிக்குமோ?

சாரற் காலத்தில் கேரளத்து மக்கள் குற்றாலத்திற்குத் திரளாக வருகின்றனர். அவர்க்கென மலையாளம் எழுதுவது விருந்தோம்பல். அதற்கு 2 பங்கு உண்டு. தமிழை மூலையில் எறும்பளவாய் ஒடுக்குவதே இழிவு.

அதனினும் பெருங்கேடு ஒன்றுண்டு. 'பேக்கரி', 'மெடிக்கல்', 'டெய்லர்' எனத் தமிழெழுத்தில் எழுதிவிட்டு விதிக்கு அடங்கியதாகக் காட்டுகின்றனர். எழுத்து தமிழ், சொல்லோ ஆங்கிலம்! அடுமனை என்றெழுதினால் அடுப்பு எரியாதா? மருந்தகம் என்றால் நோய் தீராதா? தையலகம் என்றால் ஊசியில் நூல் கோக்க வாராதா?

சாரல் தொடங்குமுன், வைகாசியிலேயே, இருவர் மூவராய்க் கடைகளுக்குச் செல்லுங்கள். சண்டை வேண்டா. கடைக்கேற்ற தமிழ்ப்பெயரை எழுதிக் கொடுங்கள். இசையாதவிடத்துத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து வாயிலாக முறையிடுங்கள்.