அடுத்தவர் யார் என்பதை முடிவு செய்வது யார்?



2025 ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு. வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்தின் மாடத்துக்குப் போப் பிரான்சிஸைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். நுரையீரல் அழற்சியால் 38 நாள் ஜெமெல்லி மருத்துவமனையில் கிடந்து, மார்ச் 23-ல்தான் வீடு திரும்பியிருந்தார். தளர்ந்த குரலில் ஈஸ்டர் வாழ்த்து மட்டும் சொன்னார். செய்தியை வேறொருவர் வாசித்தார். அதன் பிறகும் அவர் ஓய்வெடுக்கப் போகவில்லை. திறந்த வண்டியில் ஏறிச் சதுக்கத்து மக்கள் நடுவே வலம் வந்தார். மறுநாள் காலை உயிர் பிரிந்தது. வயது 88. சாந்தா மரியா மஜோரே பேராலயத்தில் அவர் கேட்டிருந்தபடியே எளிய கல்லறை. அதில் 'பிரான்சிஸ்குஸ்' என்ற பெயரைத் தவிர வேறு எழுத்து எதுவும் இல்லை.

அவர் மறைந்த அன்று மாலைக்குள் உலகம் முழுவதும் ஒரே கேள்வி: அடுத்தவர் யார்? தொலைக்காட்சிகள் பெயர்ப் பட்டியல் போட்டன. அதைவிட அடிப்படையான ஒரு கேள்வி இருக்கிறது. அடுத்தவர் யார் என்பதை முடிவு செய்வது யார்? அந்த உரிமை யார் கையில் இருக்கிறது, அதை அவர்களுக்குக் கொடுத்தவர் யார்? இந்தக் கேள்வியைக் கேட்பதற்குத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. நோயில் தளர்ந்திருந்த ஒரு போப் அந்த உரிமையையே இந்த நகரத்துக்குக் கொடுத்திருக்கிறார்.

அந்தப் போப், போலந்துக்காரரான இரண்டாம் ஜான் பால். 1986 பிப்ரவரியில் இந்தியா வந்தவர், 5-ம் தேதி சென்னையில் இருந்தார். 8-ம் தேதி கோட்டயத்தில் சாவறை குரியாக்கோஸ் அச்சனுக்கும் அல்போன்சாவுக்கும் அருளாளர் பட்டம் அளித்தார். அதே நாள் திருவனந்தபுரம் வந்து, பட்டம் பகுதியில் உள்ள புனித மரியன்னை பேராலயத்தில் சீரோ மலங்கரைத் திருச்சபை மக்களைச் சந்தித்தார். அந்தத் திருச்சபையின் முதல் பேராயர் மார் இவானியோஸ் அடக்கமாகியிருக்கும் இடம் அது. அந்த நேரத்தில் ரோமில் இது போன்ற கீழைத் திருச்சபைகளுக்கான பேராயத்தின் தலைவர் ஒரு தமிழர் என்பதையும் இந்த அவை நினைவில் வைக்க வேண்டும். செஞ்சிக்கு அருகே கல்லேரியில் பிறந்த கர்தினால் சைமன் லூர்துசாமி 1985 முதல் 1991 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

மலங்கரைத் திருச்சபை வயதில் இளையது. 1930 செப்டம்பர் 20 அன்று கொல்லத்தில் மார் இவானியோஸும் மார் தியோஃபிலோஸும் இன்னும் மூவரும், ஆக ஐந்தே பேர், ஆயர் பென்சிகர் முன்னிலையில் கத்தோலிக்கத் திருச்சபையோடு இணைந்தார்கள். இரண்டே ஆண்டில், 1932-ல், திருவனந்தபுரம் அதன் பேராயர் பீடமானது. சுரியானி மரபு வழிபாடு அவர்களுக்கு உண்டு. ஆனால் தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. 1953-ல் மார் இவானியோஸ் மறைந்தார். பெனடிக்ட் மார் கிரிகோரியோஸ் வந்தார். 1994-ல் அவர் மறைந்தார். சிரில் மார் பசேலியோஸ் வந்தார். ஒவ்வொரு முறையும் நியமன ஆணை ரோமிலிருந்து வந்தது.

இனி 2005. பிப்ரவரி 1-ம் தேதி இரவு மூச்சுத் திணறலோடு இரண்டாம் ஜான் பால் ஜெமெல்லியில் சேர்க்கப்பட்டார். பார்க்கின்சன் நோய் ஏற்கெனவே உடலை முடக்கியிருந்தது. பிப்ரவரி 10 அன்று மருத்துவமனையிலிருந்து வத்திக்கான் திரும்பினார். அதே தேதியிட்ட ஆணை ஒன்று சீரோ மலங்கரைத் திருச்சபையை மேஜர் ஆர்ச்பிஷப் தலைமையிலான திருச்சபையாக உயர்த்தியது. அதன் பொருள், இனி இந்தத் திருச்சபையின் தலைவரை அதன் ஆயர்கள் கூடும் சுன்னஹதோஸே தேர்ந்தெடுக்கும். ரோம் அதை உறுதிப்படுத்தும். இரண்டு வாரத்தில் அவர் மீண்டும் மருத்துவமனைக்குப் போனார். மூச்சுக்குழாயில் துளையிட்டார்கள். மார்ச் 27, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜன்னலுக்கு வந்து பேச முயன்றார், குரல் எழவில்லை. கையை உயர்த்தி ஆசீர்வதித்தார். ஏப்ரல் 2 அன்று மறைந்தார்.

உலகம் அவருடைய மரபைப் பல விதமாகக் கணக்கிடுகிறது. போலந்தின் விடுதலை, நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போன பயணங்கள், அவர் அறிவித்த புனிதர்கள் என்று பட்டியல் நீளும். பட்டத்தில் அவர் விட்டுச்சென்றது, தன் கையில் இருந்த ஓர் அதிகாரத்தை அதற்கு உரியவர்களிடம் ஒப்படைத்த செயல். இந்த மேடையில் இருந்து பார்க்கும்போது, அவர் செய்தவற்றில் மிக உயர்ந்தவற்றுள் அதுவும் ஒன்று.

கொடுத்த உரிமை நின்றதா? சோதனை சீக்கிரமே வந்தது. 2007 ஜனவரி 18 அன்று சிரில் மார் பசேலியோஸ் மாரடைப்பால் திடீரென மறைந்தார். அடுத்தவர் பெயரை அவர் எழுதி வைக்கவில்லை. வைக்க வேண்டிய தேவையும் இல்லை. கீழைத் திருச்சபைகளின் சட்டம் வழியைச் சொல்லியிருந்தது. இருக்கை காலியான ஒரு மாதத்துக்குள் சுன்னஹதோஸ் கூட வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பதினைந்து நாளில் முடிவு வராவிட்டால் பொறுப்பு போப்பிடம் போய்விடும். பிப்ரவரி 7-ல் பட்டத்தில் கூடினார்கள். 8-ம் தேதி ஐசக் மார் கிளீமிஸைத் தேர்ந்தெடுத்தார்கள். 10-ம் தேதி, ஜான் பாலின் ஆணை வந்து சரியாக இரண்டு ஆண்டு நிறைந்த நாளில், பேராலயத்தில் பெயரை அறிவித்தார்கள். 1930-ல் ஐந்து பேரோடு தொடங்கிய திருச்சபை, முதல் முறையாகத் தன் தலைவரைத் தானே தேர்ந்துகொண்டது. மார்த்தாண்டம் பக்கத்து மலங்கரைத் தமிழ் மக்களுக்கும் அது சொந்தத் தேர்தல்தான். 1996-ல் அமைந்த மார்த்தாண்டம் மறைமாவட்டமும் இதே திருச்சபையின் அங்கம்.

பட்டத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிப் பாளையத்துக்கு வாருங்கள். அங்கே புனித யோசேப்பு பேராலயம் இலத்தீன் பேராயரின் இருக்கை. அங்கே முறை வேறு. 2004-ல் இலத்தீன் மறைமாவட்டம் உயர்மறைமாவட்டம் ஆனபோது முதல் பேராயரானவர் சூசபாக்கியம். குமரி மாவட்டம் மார்த்தாண்டந்துறைக் கடற்கரையில் பிறந்தவர், மீனவ மக்களுக்காகத் தெருவில் இறங்கிப் பேசியவர். 2022-ல் அவர் ஓய்வு பெற்றபோது தாமஸ் நெட்டோவின் பெயர் ரோமிலிருந்து வந்தது. இந்த முறையில் போப்பின் தூதர் பலரிடம் ரகசியமாகக் கருத்துக் கேட்டு மூன்று பெயர்களை அனுப்புகிறார், போப் நியமிக்கிறார். ஒரே நகரத்தில், ஒரே போப்பை ஏற்கும் இரண்டு பேராலயங்கள், தலைவரைக் கண்டெடுக்கும் வழி இரண்டு.

ரோமுக்குத் திரும்புவோம். 2025 மே 7 அன்று சிஸ்டைன் சிற்றாலயத்தில் 133 கர்தினால்கள் கூடினார்கள். இந்தியாவிலிருந்து நால்வர்: கோவாவின் பிலிப் நேரி, 2007-ல் பட்டத்தில் தேர்வான பசேலியோஸ் கிளீமிஸ், ஹைதராபாத்தின் அந்தோணி பூலா, சங்கனாச்சேரியைச் சேர்ந்த ஜார்ஜ் கூவக்காடு. கிளீமிஸுக்கு இது இரண்டாவது முறை. 2013-ல் போப் பிரான்சிஸைத் தேர்ந்தெடுத்தவர்களில் வயதில் மிக இளையவர் அவர்தான்.

வாக்களிப்பதைச் சற்று அருகிலிருந்து பாருங்கள். செவ்வகச் சீட்டின் மேல்பாதியில் 'உச்ச ஆயராக நான் தேர்ந்தெடுப்பது' என்று பொருள்படும் இலத்தீன் வரி அச்சாகியிருக்கும். கீழே ஒரு பெயர். யார் எழுதியது என்று அடையாளம் தெரியாதபடி எழுத வேண்டும். சீட்டை மடித்து, எல்லோரும் காணக் கையில் உயர்த்திப் பிடித்துப் பீடத்துக்கு நடந்து, தீர்ப்பளிக்கும் கிறிஸ்துவைச் சாட்சியாக வைத்து உறுதிமொழி சொல்லி, தட்டில் வைத்துக் கலத்துக்குள் சரிக்க வேண்டும். எண்ணுபவர்கள் மூவர். மூன்றாமவர் பெயரை உரக்க வாசித்து, ஊசியால் சீட்டைக் குத்தி நூலில் கோர்ப்பார். பிறகு எல்லாம் அடுப்புக்குப் போகும். மே 8 மாலை, நான்காம் சுற்றில், வெண்புகை எழுந்தது. சிக்காகோவில் பிறந்து பெருவில் ஆயராக உழைத்த இராபர்ட் பிரவோஸ்ட், பதினான்காம் லியோ ஆனார். அகஸ்தீன் சபையின் உலகத் தலைவராக இருந்த காலத்தில் கேரளத்துக்கும் வந்து சென்றவர் அவர்.

விதி எவ்வளவு கறாரானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 80 வயது நிறைந்த கர்தினால் வாக்களிக்க முடியாது என்று 1970-ல் ஆறாம் பவுல் முடிவு செய்தார். அதனால்தான் 2005-ல், 81 வயதான லூர்துசாமி தேர்தல் அறைக்குள் போகவில்லை. 2025-ல் கர்தினால் ஜார்ஜ் ஆலஞ்சேரிக்கு ஏப்ரல் 19 அன்று 80 நிறைந்தது. பிரான்சிஸ் மறைந்தது 21-ல். தக்கலையின் முதல் ஆயராக நம் குமரி மண்ணில் பணி செய்தவர், இரண்டே நாள் வித்தியாசத்தில் வாக்கை இழந்தார். யாருக்காகவும் விதி வளையவில்லை.

133 பேரில் 108 பேர் பிரான்சிஸ் நியமித்தவர்கள். அப்படியானால் அவரே வாரிசை முடிவு செய்துவிட்டார் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. 2013-ஐ நினைத்துப் பாருங்கள். அன்று வாக்களித்த 115 பேரும் ஜான் பாலோ அடுத்து வந்த போப் பதினாறாம் பெனடிக்டோ நியமித்தவர்கள். இருந்தும் அந்த இருவரிடமிருந்தும் பெரிதும் மாறுபட்ட பிரான்சிஸைத் தேர்ந்தெடுத்தார்கள். வாக்குச்சீட்டு ரகசியமாக இருக்கும்வரை, நியமித்தவரின் கை அந்த அறைக்குள் நீள்வதில்லை.

ஒருவர் நியமிக்கும் வாரிசைவிட அமைப்பே நிலைக்கும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே, வர்க்கலை சிவகிரியிலும் ஒரு சான்று இருக்கிறது. ஸ்ரீநாராயண குரு போதானந்த சுவாமியைத் தமக்குப் பின் தலைவராக நியமித்தார். 1928 செப்டம்பர் 20 அன்று குரு சமாதியானார். சில நாள்களுக்குள் போதானந்தரும் மறைந்துவிட்டார். தனி ஒருவர் மேல் வைத்த ஏற்பாட்டைச் சாவு ஒரு வாரத்தில் கலைத்தது. அதே 1928-ல் குரு நிறுவியிருந்த தர்ம சங்கமோ இன்றும் சிவகிரி மடத்தை நடத்துகிறது.

இந்த முறைகளில் பெரிய குறை ஒன்று இருக்கிறது. பட்டத்திலும் சிஸ்டைனிலும் வாக்களித்தவர்கள் அனைவரும் ஆண்கள். ஆலயத்தை நிரப்பும் பெண்களுக்கும் பொதுநிலையினருக்கும் அங்கே இடமில்லை. 2023 அக்டோபரில் ரோமில் நடந்த ஆயர் மாமன்றத்தில், பிரான்சிஸ் அவர்களுக்கு முதன்முறையாக வாக்குரிமை கொடுத்தார். வாசல் முழுதாகத் திறக்கவில்லை. திறக்கத் தொடங்கியவர் அவர். ஜான் பால் இந்த நகரத்துக்குச் செய்ததன் தொடர்ச்சியாகவே அதைப் பார்க்க வேண்டும்.

அன்பர்களே, இந்த அவையில் நூலகக் குழுவினர் இருக்கிறீர்கள், தொழிற்சங்கத்தினர் இருக்கிறீர்கள், கோயில், பள்ளி, தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்கள் இருக்கிறீர்கள். உங்கள் அமைப்பின் தலைவர் நாளை இல்லை என்றால், எத்தனை நாளில், யார் கூடி, எத்தனை வாக்கில் அடுத்தவரைத் தேர்வார்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? எழுதவில்லை என்றால், தலைவர் நலமாக இருக்கும்போதே எழுதுங்கள். எழுதியிருந்தால், அடுத்த பொதுக்குழுவில் வாக்காளர் பட்டியலை எடுத்து எல்லோர் முன்னும் உரக்க வாசியுங்கள். உழைக்கிற பெண்கள், இளைஞர்கள் பெயர் அதில் விடுபட்டிருந்தால் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.