ஸ்லைடைப் படிக்கிறதா, சொல்றதைக் கேக்கிறதா?

ஆன்லைன் கிளாஸ் ஒண்ணு கற்பனை பண்ணிக்கோங்க. ஸ்லைடு முழுக்க எழுத்து. பாடம் எடுக்கிறவர் அதையே வரி விடாம வாசிக்கிறார். ஓரத்துல ஒரு அனிமேஷனும் ஓடுது. பத்து நிமிஷம் கழிச்சு யோசிச்சா, மண்டையில ஒண்ணுமே நிக்கல. உடனே நாம எடுக்கிற முடிவு: “நமக்கு இந்த சப்ஜெக்ட் வராது.” அந்த முடிவு சரியான்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

ஒர்க்கிங் மெமரின்னா, இந்த நொடியில விஷயங்களைப் பிடிச்சு வெச்சு வேலை பார்க்கிற இடம். 1974-ல ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் ரெண்டு பேரும், அது ஒரே அறை இல்லைன்னு சொன்னாங்க. சொற்களுக்கு ஒரு பகுதி, காட்சிகளுக்கு இன்னொரு பகுதி. ரெண்டையும் கவனிச்சு நடத்த ஒரு மேற்பார்வைப் பகுதி. ஒவ்வொண்ணும் ரொம்பச் சின்னது.

இப்போ சைக்கிள் பம்புக்கு வருவோம். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயரோட குழு 1991-ல ஒரு ஆய்வை வெளியிட்டது. ஒரு பிரிவு மாணவர்கள் பம்பு எப்படி வேலை செய்யுதுங்கிற விளக்கத்தை முதல்ல கேட்டாங்க, அப்புறம் அனிமேஷன் பார்த்தாங்க. இன்னொரு பிரிவுக்கு ரெண்டும் ஒரே நேரத்துல. அதே சொல், அதே படம்தான். “எத்தனை தடவை அடிச்சும் காத்து வரல, எங்க கோளாறு?” மாதிரியான கேள்விகளுக்கு, ஒரே நேரத்துல கேட்டுப் பார்த்தவங்கதான் நல்லா பதில் சொன்னாங்க.

ஏன்? “பிடியை மேலே இழுத்தா உள்வால்வு திறக்கும்”னு காதுல விழும்போதே வால்வு திறக்கிறது கண்ணுல பட்டா, மனசு ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுடும். படம் பிறகு வந்தா, அதுவரைக்கும் சொல்லைப் பிடிச்சு வெச்சுக்கணும். அந்தச் சின்ன இடம் தாங்காது.

அப்போ கூடவே எழுத்தும் போட்டா இன்னும் நல்லதுதானே? இல்லை. 2001-ல மின்னல் உருவாகிறதைப் பற்றிய பாடத்துல, அனிமேஷன், குரல் ரெண்டோட திரையில எழுத்தும் பார்த்தவங்களுக்குப் புரிதல் குறைஞ்சுது. எழுத்து கண் வழியா உள்ளே வருது. அதனால படத்தோட மோதுது. படிக்கும்போது மனசுக்குள்ளே ஒலியாவும் மாறுது. அதனால குரலோடவும் மோதுது.

எல்லா இடத்துலயும் எழுத்து வேண்டாம்னு சொல்லல. மொழி புதுசு, உச்சரிப்பு புரியல, காது கேக்காதுன்னா சப்டைட்டில் கட்டாயம் வேணும்.

மத்தபடி, படம் முக்கியம்னா எழுத்தை ஆஃப் பண்ணுங்க. எழுத்து முக்கியம்னா பாஸ் போட்டுப் படிச்சுட்டு அப்புறம் கேளுங்க. நோட்ஸ்ல பாகங்களோட பேரைப் படத்துக்குக் கீழே பட்டியல் போடாம, அந்தந்த பாகத்துக்குப் பக்கத்துலயே எழுதுங்க. நீங்க பிரசன்டேஷன் கொடுக்கிறவரா? ஸ்லைடுல இருக்கிறதை அப்படியே வாசிக்காதீங்க.

புரியலைன்னா உடனே உங்க அறிவைச் சந்தேகப்படாதீங்க. பாடம் எப்படி அடுக்கப்பட்டிருக்குன்னு ஒரு தடவை பாருங்க. நம்ம நிகழ்ச்சியில படமே கிடையாது; அதனால ஒரு பேப்பர் எடுத்து அந்தப் பம்பை வரைஞ்சுக்கிட்டே இதை இன்னொரு தடவை கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.