சுமை குறைத்துச் செல்லும் மிதிவண்டிப் பயணம்: தருவைகுளம் முதல் கழுகுமலை வரை

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தூத்துக்குடிக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த மீனவர் ஊர் தருவைகுளம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் குளத்தூர் வரை சென்று, பின் உள்நாட்டை நோக்கித் திரும்பி, விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி வழியாகச் சமணச் சிற்பங்கள் நிறைந்த கழுகுமலையை அடையலாம். தொலைவு நூறு கிலோமீட்டர் அளவினது. இடையில் ஓரிரவு தங்கி மிதிவண்டியில் செல்ல இளைஞர்க்கு ஏற்ற வழி இது. அவ்வாறு செல்வோர்க்கு உணவும் படுக்கையும் கருவியும் வண்டியிலேயே வருதல் வேண்டும். பின்தொடர்ந்து வரும் காரும் இல்லை. வழியில் காத்திருக்கும் விடுதியும் இல்லை. ஆகவே எதனை எடுத்துச் செல்வது என்று எண்ணுமுன் எதனை வீட்டில் விட்டுச் செல்வது என்று எண்ண வேண்டியுள்ளது.

கூடாரத்தை மிதிவண்டியில் கட்டிச் செல்லும் வழக்கத்தைப் பரப்பியவர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்னும் இலண்டன் தையற்காரர். 1897இல் அயர்லாந்தின் கோனமாராப் பகுதியை அவ்வாறு சுற்றிவந்து, மறு ஆண்டு அதனை நூலாக எழுதினார். 1901இல் மிதிவண்டி முகாமாளர் சங்கத்தையும் நிறுவினார். துணியின் எடையைக் கையால் தூக்கியே அறிபவர் தையற்காரர். அவர் மெல்லிய பட்டுத்துணியில் கூடாரம் அமைத்ததில் வியப்பில்லை. சமண இல்லறத்தார்க்குப் பட்டு ஆகாது என்போர் கவலைப்பட வேண்டியதில்லை. இன்று கிடைக்கும் நைலான் துணி பட்டைவிட உறுதியானது, ஓர் உயிருக்கும் ஊறு செய்யாதது.

அவருக்கும் முன்னர், 1884இல் சான்பிரான்சிஸ்கோவில் புறப்பட்டு, பெரிய முன்சக்கரம் கொண்ட பழைய வண்டியிலேயே உலகைச் சுற்றிய தாமஸ் ஸ்டீவன்ஸ், மாற்றுச் சட்டை ஒன்று, காலுறைகள், மழைக்கோட்டு ஒன்று, கைத்துப்பாக்கி ஒன்று என்ற அளவிலேயே சுமை கொண்டார். அம்மழைக்கோட்டே அவருக்குக் கூடாரமும் படுக்கையும் ஆயிற்று. 1886இல் அவர் லாகூரிலிருந்து கல்கத்தா வரை நம் நாட்டுச் சாலையிலும் மிதித்துச் சென்றார். துப்பாக்கியை மட்டும் நீக்கிவிட்டால் அவருடைய பட்டியலில் குறை கூற ஒன்றுமில்லை.

நம் நாட்டினரின் பயணமும் குறைந்ததன்று. 1923 அக்டோபர் 15ஆம் நாள் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர் அறுவர் மிதிவண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். அவர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ரஸ்தம் பும்காரா ஆகிய மூவர் ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர் கடந்து 1928 மார்ச்சில் திரும்பினர். பாரசீகம், மெசபடோமியா, சிரியா, சினாய் எனப் பாலை நிலங்கள் பலவற்றை அவர்கள் கடந்தனர். அங்கெல்லாம் அவர்களை வருத்தியது தண்ணீரே.

தருவைகுளத்துக் கரையிலும் செய்தி அதுவே. கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். நிழல் தர உடை மரமும் பனையும். பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. உப்பை மட்டும் எவரும் மூட்டையில் வைக்க வேண்டா! ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. வெயிலில் மிதிப்பவர்க்கு மணிக்கு அரை லிட்டரேனும் வேண்டும். ஊர்தோறும் நிரப்பிக்கொள்ளலாம் எனினும் பகலில் மூன்று லிட்டரும், தங்குமிடத்திற்குச் செல்லுமுன் ஐந்து லிட்டரும் வண்டியில் இருத்தல் நலம். அந்த ஐந்து கிலோவைக் குறைக்க இயலாது. மற்ற யாவும் அதற்கு இடம்விட்டு ஒதுங்க வேண்டும். நீரும் உணவும் நீங்கலாக எட்டுக் கிலோவுக்கு மேல் ஏறினால் மூட்டையை அவிழ்த்து மீண்டும் பார்ப்பதே முறை.

ஒரு பொருளைப் பல வேலைக்கு ஆக்குதல் இக்கலையின் முதல் விதி. துண்டு ஒன்று தலைப்பாகையாகும், துவட்டும், வெயிலை மறைக்கும். நான்கு முழ வேட்டி உடையும் ஆகும், போர்வையும் ஆகும். இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு. நீரை வடிக்கும் துணி வடிப்பதற்கு மட்டுமே. இரண்டாக மடித்த தூய பருத்தித் துணியின் எடை கைக்குட்டையின் எடைதான். அதனை வியர்வை துடைக்கப் பயன்படுத்தி எடை மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது. வடித்த நீர் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடங்களுக்கே ஆகும் என்னும் நியமத்தைக் காப்போர், ஒவ்வொரு நிறுத்தத்திலும் மீண்டும் வடிக்க வேண்டியிருப்பதால் துணி கைக்கெட்டும் பையில் இருத்தல் வேண்டும்.

இரவுணவு தவிர்க்கும் வழக்கம் இப்பயணத்தில் பெருஞ்சுமையைக் குறைக்கிறது. கதிரவன் மறையுமுன் உண்பவர்க்குச் சமையல் விளக்கு வேண்டா. சிறிய கைவிளக்கு ஒன்று போதும். அடுப்பையும் விட்டுவிடலாம். அவலும் பொரிகடலையும் வறுத்தரைத்த சத்துமாவும் நீரில் நனைத்தாலே உணவாகும். தேனின் இடத்தில் உடன்குடிக் கருப்பட்டி இருக்கிறது. கோவில்பட்டியை அடைந்தபின் கடலைமிட்டாய் கடைதோறும் கிடைக்கும். அதனை முன்னரே வாங்கிச் சுமப்பது வீண். அடுப்பு, எரிபொருள், பாத்திரம் மூன்றும் ஒருங்கே நீங்கினால் அந்த இடம் தண்ணீருக்குச் சேரும்.

தை, மாசி மாதங்களில் புறப்படுவோர்க்குக் கனத்த கூடாரம் தேவைப்படுவதில்லை. பனிக்கு ஒரு மெல்லிய விரிப்பும், கட்டித் தொங்கவிட ஒரு கொசுவலையும் போதும். கொசுவர்த்திச் சுருளும் மின்மட்டையும் உயிரைக் கொல்லும்; வலை தடுக்க மட்டும் செய்யும், எடையும் குறைவு. ஆடியில் செல்வோர் மேற்கிலிருந்து வீசும் காற்றை முகத்தில் ஏற்க நேரும்; அப்போது ஒவ்வொரு கிலோவும் இரண்டாகத் தோன்றும்.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலையுயர்ந்த இலேசான வண்டி வாங்கினால்தான் சுமை குறையும் என்று பலர் கருதுகின்றனர். அது பாதி உண்மை. அவ்வண்டியின் டயரும் சங்கிலியும் விளாத்திகுளத்தில் கிடைக்குமா என்பது ஐயம். கிடைக்காத உதிரிகளைத் தாமே சுமக்க நேரும். கனமான பழைய சைக்கிளுக்கோ ஊர்தோறும் கடை உண்டு. அதற்கு ஒரு டியூப், காற்றடிக்கும் பம்ப், ஸ்பானர், பஞ்சர் ஒட்டும் பசை, ரப்பர்த் துண்டு, உப்புத்தாள் போதும். சாலையோரச் சீமைக்கருவேல முள் எவ்வண்டிக்கும் இரக்கம் காட்டாது. உவர்க்காற்றால் சங்கிலி துருப்பிடிக்கும்; நாள்தோறும் துடைத்து எண்ணெய் இட வேண்டும். மூட்டையைக் கேரியரின் மேல் கோபுரமாக அடுக்காமல் இருபுறமும் தாழத் தொங்கவிட்டால் வண்டி தள்ளாடாது.

கடற்கரையில் தங்க விரும்புவோர் ஊர்ப் பெரியோரிடம் சொல்லி இசைவு பெறுதல் வேண்டும். அங்கே படகு ஏற்றும் இடமும் வலை உலர்த்தும் இடமும் அவர்களுடைய தொழிற்கூடம். மீன்வாடைக்கு முகம் சுளிக்கும் விருந்தினரை எவ்வூரும் விரும்பாது. கொல்லாமை காப்போர் அடுத்தவர் முற்றத்தில் பணிவையும் காத்தல் தகும். எதிரே தெரியும் தீவுகளில் தங்கும் எண்ணம் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. இசைவின்றி அங்கே கால்வைக்கலாகாது.

இத்தனையும் கணக்கிட்டு முடித்தபின் வீட்டு வாயிலில் வந்து நிற்பது முறுக்கு டப்பா. தாயன்பைத் தராசில் வைக்க எவர்க்கும் மனம் வாராது. ஆயினும் புறப்படுவதற்கு முந்தைய நாள் யாவற்றையும் தரையில் பரப்பி எடை போட்டு, அதே சுமையுடன் இருபது கிலோமீட்டர் சென்று திரும்பினால், எது மிகை என்பதை முழங்கால் தெரிவிக்கும். திகம்பர முனிவர் கையில் மயிற்பீலியும் கமண்டலமும் சாத்திர நூலும் உண்டு. பீலி உயிரைக் காக்க, கமண்டலம் தூய்மைக்கு, நூல் ஞானத்திற்கு. இல்லறத்தார்க்கு மூன்று பொருள் போதாதுதான். ஆனால் ஒவ்வொரு பொருளும் தன் கடமையைச் சொல்ல வேண்டும் என்ற அந்த அளவுகோலை மூட்டை கட்டும்போது கைக்கொள்ளலாம்.

கழுகுமலையின் அடிவாரத்தில் மூட்டையை இறக்கிவிட்டு, நீர்க்குப்பியுடன் மட்டும் மேலே ஏறலாம். பாறை முகத்தில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள். பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை. அவற்றின் கீழ் வட்டெழுத்தில், அவற்றைச் செய்வித்தோரின் பெயரும் ஊரும். அவற்றுள் திருச்சாரணத்துக் குரத்தியரும் உள்ளனர். திருச்சாரணம் இன்றைய குமரி மாவட்டத்துச் சிதறால் மலை. துறவியர் ஊர்தி ஏறார்.